முகவாதத்துக்குப் பின்னால் ஒரு பழைய புண்: தோல் புற்றுநோய் பொட்டெலும்பை எட்டும் வழி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் என்று கேரளத்தின் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் இரண்டு திசை. மேற்கே பாலக்காடு, திருச்சூர். கிழக்கே கோயம்புத்தூர், பொள்ளாச்சி. பிரசவத்துக்கு ஒரு பக்கம் போவார்கள், கண்ணுக்கு இன்னொரு பக்கம். பஸ் வசதி, தெரிந்த டாக்டர், உறவினர் வீடு, கையிலிருக்கும் காப்பீட்டு அட்டை எல்லாம் சேர்ந்து திசையைத் தீர்மானிக்கும். பெரும்பாலான நோய்களுக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இரண்டு மாநிலத்து வைத்தியமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது லாபம்தான். ஆனால் ஒரே நோய் வருடக்கணக்கில் இடைவெளி விட்டு, ஒவ்வொரு முறையும் வேறொரு உறுப்பின் கோளாறுபோல வந்தால், இந்த இரட்டைத் திசையே ஆளை ஏமாற்றிவிடும். முகத்திலோ தலையிலோ தோன்றும் தோல் புற்றுநோய் நிணநீர் முடிச்சுக்குப் பரவி, அங்கிருந்து காதைத் தாங்கும் எலும்புக்குள் புகுவது அப்படிப்பட்ட ஒன்று.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 65. ஆயுள் முழுக்கத் தென்னந்தோப்பிலும் நிலக்கடலைக் காட்டிலும் நின்றவர். நெற்றிப்பொட்டில், காதுக்குச் சற்று மேலே ஒரு புண். தோல் தடித்துச் சொரசொரவென்று இருக்கிறது. பொருக்குத் தட்டுகிறது, துண்டு உரசிப் பொருக்கு உரிந்தால் ரத்தம் கசிகிறது, மறுபடி பொருக்குத் தட்டுகிறது. சில மாதம் மஞ்சளும் களிம்பும் பூசிப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊர் கிளினிக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார். தையல் பிரித்தாயிற்று, தழும்பும் மங்கிவிட்டது.

ஒன்றரை வருடம் கழித்துக் காதுக்கு முன்னால் நெறி கட்டுகிறது. வலியில்லை. கடைவாய்ப் பல்லில் சொத்தை இருப்பதால் பல்லின் மேல் பழி விழுகிறது. அதன்பிறகு அதே பக்கத்துக் காதில் வலி, கொஞ்சம் நீர், பிறகு சீழ். காதுக்குச் சொட்டு மருந்து. மூன்றாவதாக, அந்தப் பக்கத்துக் கண் சரியாக மூடவில்லை, வாய் ஒரு பக்கம் இழுக்கிறது. முகவாதம் என்று சொல்லி மாத்திரையும் தைலமும் மின்தூண்டல் பயிற்சியும் நடக்கின்றன. நான்கு இடம், நான்கு சீட்டு. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த மருத்துவருக்கும் சந்தேகம் தட்டும். ஆனால் முதல் சீட்டு, அதாவது வெட்டியெடுத்த சதையைப் பற்றிய பயாப்ஸி அறிக்கை, பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை. சில வேளை அந்தச் சதை பரிசோதனைக்கே அனுப்பப்பட்டிருக்காது.

இது அரிதான நோய். காதில் சீழ் வடிபவரில், முகவாதம் வந்தவரில் மிக மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் கிடையாது. அதை அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அரிதானதாக இருந்தாலும் இதைப் பற்றி விரிவாக எழுதக் காரணம், இதில் கிடைக்கும் பலன் முழுக்க முழுக்கக் காலத்தைப் பொறுத்தது என்பதே. முடிச்சு நிலையில் பிடித்தால் ஒரு வைத்தியம். எலும்புக்குள் போன பிறகு பிடித்தால் முற்றிலும் வேறு வைத்தியம்.

தோலில் என்ன நடக்கிறது

தோல் புற்றுநோயில் மூன்று முக்கிய வகைகள் உண்டு: அடித்தள செல் புற்று, செதிள் செல் புற்று, மெலனோமா. முதல் வகை இருக்கும் இடத்திலேயே மெல்ல அரித்துக்கொண்டு போகும். நிணநீர் முடிச்சுக்குப் பரவுவது மிக அபூர்வம். மெலனோமா ஆபத்தானது, ஆனால் நம் நாட்டில் குறைவு. இந்தக் கட்டுரைக்கு உரியது நடுவில் உள்ள செதிள் செல் புற்று. அது வந்தவர்களில் 100-க்குச் சுமார் 2 முதல் 5 பேருக்கு முடிச்சுகளுக்குப் பரவுகிறது. அப்படிப் பரவினால் பெரும்பாலும் முதல் புண்ணுக்கு வைத்தியம் செய்த இரண்டு ஆண்டுக்குள் தலைகாட்டிவிடும்.

எல்லாப் புண்ணும் ஒரே அளவு பரவுவதில்லை. குறுக்களவு 2 சென்டிமீட்டரைத் தாண்டியது, 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போனது அல்லது தோலடிக் கொழுப்பைக் கடந்தது, நரம்பு உறைக்குள் புகுந்தது, செல்கள் தம் இயல்பான உருவத்தை அதிகம் இழந்தது, ஒருமுறை எடுத்தும் அதே இடத்தில் திரும்பி வந்தது, காது மடலிலோ உதட்டிலோ தோன்றியது ஆகியவை அதிக ஆபத்துள்ளவை. இவற்றில் ஆழம், நரம்பு, செல்லின் உருவம் ஆகிய மூன்றும் கண்ணால் பார்த்துத் தெரிவதில்லை. நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தவர் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. “சின்னப் புண்தானே, எடுத்துத் தூக்கிப் போட்டாயிற்று” என்பது இந்த இடத்தில் மிகப் பெரிய இழப்பு. தூக்கிப் போட்டது சதையை மட்டும் இல்லை. இரண்டு வருடம் கழித்து வரப்போகும் கேள்விக்கான பதிலையும்தான்.

“நம் நிறத்துக்குத் தோல் புற்று வராது” என்று பலர் நம்புகிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. தோலில் உள்ள மெலனின் நிறமி வெயிலின் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுக்கிறது. அதனால் இந்தியாவில் மொத்தப் புற்றுநோய்களில் தோல் புற்றின் பங்கு மிகச் சிறியது. வெள்ளைத் தோலும் கடும் வெயிலும் சேர்ந்த ஆஸ்திரேலியாவில் நிலைமை நேர் எதிர். காதுக்கு முன்னாலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் அங்கே காணப்படும் புற்றுக்கட்டிகளில் முதலிடம், தோலிலிருந்து பரவி வந்த செதிள் செல் புற்றுக்குத்தான். இந்த நோய்பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது.

மீதிப் பாதியில்தான் சிக்கல். கறுத்த தோலில் செதிள் செல் புற்று வெயிலை மட்டும் நம்பி வருவதில்லை. பழைய தீக்காயத் தழும்பு, வருடக்கணக்கில் ஆறாத புண், தோல் காசநோய் விட்டுச்சென்ற வடு, தலையிலும் காதிலும் வட்ட வட்டமாகத் தோலை அரிக்கும் லூபஸ் நோய் ஆகியவற்றின் மேலும் அது முளைக்கும். தழும்பில் புண் கிளம்புவதைப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் 1828-லேயே விவரித்தார். இன்றும் அவர் பெயரில்தான் அந்தப் புண் அழைக்கப்படுகிறது. சிறு வயதில் அடுப்படியில் தலையில் வெந்நீர் கொட்டியவர், நாற்பது வருடம் கழித்து அந்த வழுக்கைத் தழும்பில் ஆறாத புண்ணோடு வந்தால், தழும்புதானே என்று விடக் கூடாது.

இன்னும் சிலர் கூடுதல் கவனத்துக்குரியவர்கள். பிறவியிலேயே நிறமி இல்லாத வெண்தோலினர் சிறு வயதிலிருந்தே வெயிலிலிருந்து காக்கப்பட வேண்டியவர்கள். வெயில் பட்டால் சேதமடையும் மரபணுவைப் பழுதுபார்க்க முடியாத ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பிறவிக் கோளாறு உண்டு. பெற்றோர் இருவரும் அந்தக் குறையுள்ள மரபணுவைச் சுமந்தால்தான் குழந்தைக்கு வரும் என்பதால், சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுகிறது. சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றி வைத்துக்கொண்டு, உடல் அதை ஒதுக்காமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மூன்றாமவர். வெள்ளைத் தோலினரிடையே மாற்று உறுப்புப் பெற்றவர்களுக்குச் செதிள் செல் புற்று பல பத்து மடங்கு அதிகம் வருகிறது. நம்மிடையே அந்த அளவு இல்லை. ஆனாலும் அவர்களுக்கு வரும் புண் வேகமாக வளரும், எளிதில் பரவும்.

காதுக்கு முன்னால் உள்ள முடிச்சுகள்

பொன்னுக்கு வீங்கி வந்தால் கன்னம் எங்கே உப்புமோ, அங்கே இருக்கிறது பரோட்டிட் சுரப்பி. காதுக்கு முன்னும் கீழும், தாடை எலும்பின் பின்னோரத்தைத் தழுவிக்கொண்டு கிடக்கிறது. உமிழ்நீர் சுரப்பது அதன் வேலை. ஆனால் மற்ற உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இல்லாத ஒரு தன்மை இதற்கு உண்டு: இதன் உள்ளேயே நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. கருவில் இந்தச் சுரப்பி தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்வது தாமதமாக நடக்கிறது. அதற்குள் நிணநீர்த் திசு உருவாகி, உறைக்கு உள்ளே மாட்டிக்கொள்கிறது. கருவில் நிகழ்ந்த இந்தச் சிறு தாமதம்தான், அறுபது வயதில் தோலில் வந்த நோயை உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது.

நெற்றி, பொட்டு, கண் இமை, மேல் கன்னம், காது மடலின் முன்பக்கம், தலையின் முன் பாதி ஆகிய இடங்களின் நிணநீர் எல்லாம் முதலில் வந்து சேருவது இந்த முடிச்சுகளுக்குத்தான். பிறகு கழுத்தின் மேற்பகுதி முடிச்சுகளுக்கு இறங்கும். மூலத்தறைத் தடுப்பணையில் திரும்பும் தண்ணீர், வலதுகரை இடதுகரை வாய்க்கால்களில் எந்த வரிசையில் எந்த வயலுக்குப் போகும் என்று சித்தூர் விவசாயிக்குத் தெரிவதுபோல, முகத்தின் எந்தப் புள்ளியில் புண் இருந்தால் எந்த முடிச்சு முதலில் வீங்கும் என்று மருத்துவர்களுக்குத் தெரியும். பின்தலையில் புண் என்றால் காதுக்குப் பின்னும் பிடரியிலும் பார்ப்பார்கள். கீழுதடு என்றால் தாடைக்கு அடியில்.

பரோட்டிட் முடிச்சும் கழுத்து முடிச்சும் ஒரே நோயின் இரண்டு வேறு நிலைகள் என்பதால் இரண்டையும் தனித்தனியே அளந்து எழுத வேண்டும் என்று சிட்னி மருத்துவர்கள் 2002-இல் முன்வைத்தார்கள். கழுத்துக்கும் இறங்கிவிட்டால் பலன் குறைகிறது. முடிச்சின் உறையைக் கிழித்துக்கொண்டு புற்று வெளியே வந்துவிட்டால் இன்னும் குறைகிறது. அப்படி வெளியே வந்த புற்றுக்கு அடுத்த வீடு, எலும்பு.

எலும்புக்குள் புகும் வழிகள்

மருத்துவர்கள் டெம்போரல் எலும்பு என்று சொல்லும் பொட்டெலும்பு, மண்டையோட்டின் பக்கச் சுவரும் அடித்தளமும் சந்திக்கும் இடம். தட்டையான மேல் பகுதி, காதுக்குப் பின்னால் விரலுக்குத் தட்டுப்படும் காற்றறைகள் கொண்ட மாஸ்டாய்டு, காதுத் துளையைச் சுற்றிய வளையம், உள்ளே மூளையை நோக்கி நீளும் பாறை போன்ற பகுதி என்று பல துண்டுகள் சேர்ந்த ஒற்றை எலும்பு. கேட்கும் கருவியும் உடலின் நிலை தவறாமல் காக்கும் கருவியும் இதற்குள்தான் புதைந்திருக்கின்றன. மூளைக்கு ரத்தம் ஏற்றும் பெருந்தமனி இதைத் துளைத்துச் செல்கிறது. மூளையிலிருந்து ரத்தம் இறக்கும் பெருஞ்சிரை இதன் பின்சுவரை ஒட்டி இறங்குகிறது. முகத்தை அசைக்கும் நரம்பு இதற்குள் வளைந்து வளைந்து வருகிறது. உள்பகுதி உடலிலேயே மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்று. பல ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதர்களின் மரபணுவை ஆராய்பவர்கள் இந்தத் துண்டைத் தேடி எடுப்பது அதனால்தான்.

இவ்வளவு கெட்டியான எலும்பைப் புற்று எப்படித் துளைக்கிறது? பெரும்பாலும் அது சுவரை இடிப்பதே இல்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் வாசல்களில் நுழைகிறது.

முதல் வாசல் காதுக் குழாய். அதன் வெளி மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பாலானது, மீதி எலும்பு. பரோட்டிட் சுரப்பி இந்தக் குழாயின் முன் சுவரை ஒட்டியே இருக்கிறது. குருத்தெலும்புச் சுவரில் இயற்கையாகவே சில பிளவுகள் உண்டு. சிலருக்கு எலும்புப் பகுதியிலும் குழந்தைப் பருவத்தில் மூடாமல் விட்ட ஒரு சிறு துளை இருக்கும். அவற்றின் வழியே கட்டி காதுக் குழாய்க்குள் வந்து எட்டிப் பார்க்கிறது. காதுக்குள் சதை வளர்ந்து, நீர் வடிந்து, காது அடைப்பது இப்படித்தான்.

இரண்டாவது வாசல் முகநரம்பு. காது மடலின் கீழ் நுனிக்குப் பின்னால், மாஸ்டாய்டின் அடியில் ஒரு துளை வழியாக இந்த நரம்பு எலும்பை விட்டு வெளியே வருகிறது. வந்த சிறிது தூரத்திலேயே பரோட்டிட் சுரப்பிக்குள் நுழைந்து நெற்றி, கண், கன்னம், உதடு, கழுத்து என்று ஐந்து கிளையாகப் பிரிகிறது. சுரப்பிக்குள் உள்ள புற்று இந்த நரம்பின் உறைக்குள் புகுந்துகொண்டால், நரம்பு வந்த வழியிலேயே பின்னோக்கி எலும்புக்குள் ஏறும். உணர்வு நரம்பின் கிளை ஒன்றும் பொட்டிலிருந்து தாடை மூட்டைச் சுற்றிச் சுரப்பியைத் தொட்டுக்கொண்டு மண்டையின் அடித்தளத் துளைக்குப் போகிறது. அதன் வழியாகவும் ஏறலாம். முடிச்சில் தங்காமலேயே, தோலிலிருந்து நேராக நரம்பைப் பிடித்து வரும் புற்றும் உண்டு.

நரம்புக்குள் புற்று நகரும்போது நோயாளிகள் சொல்லும் ஒரு விஷயத்தை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. “கன்னத்தில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது, தடவிப் பார்த்தால் ஒன்றும் இல்லை” என்பார்கள். அல்லது சவரம் செய்யும்போது ஒரு பகுதி மரத்திருப்பதாகச் சொல்வார்கள். ஸ்கேனில் எதுவும் தெரிவதற்குப் பல மாதம் முன்பே இந்தச் சொல் வந்துவிடும். முன்பு முகத்தில் புற்றுப்புண் எடுத்த ஒருவர் இதைச் சொன்னால், அது மனப்பிரமை என்று கேட்பவர் முடிவுகட்டக் கூடாது.

எங்கே வழி தவறுகிறது

முகவாதத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரணமாக வரும் முகவாதம் திடீரென்று வரும். இரவு நன்றாகப் படுத்தவர் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கம் ஒழுகுவதைப் பார்ப்பார். இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொட்டுவிடும். பிறகு வாரக்கணக்கில் தேறத் தொடங்கும், பெரும்பாலோர் சில மாதத்தில் சரியாகிவிடுவார்கள். தைலம் தடவியவரும் தேறுவார், மாத்திரை சாப்பிட்டவரும் தேறுவார். தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர் முழுமையாகத் தேறும் வாய்ப்பு கூடுதல். புற்றினால் வரும் முகவாதத்தின் நடை வேறு. வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும். முதலில் ஒரு கிளை மட்டும், உதாரணமாகப் புருவம் மட்டும், செயலிழக்கலாம். மூன்று நான்கு மாதம் ஆகியும் துளியும் தேறாது. சுரப்பியில் கட்டியோ, முன்பு தோல் புற்றோ, காதில் தொடர்ந்த வலியோ சேர்ந்திருந்தால் ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

காதுச் சீழ் இன்னும் குழப்பமானது. நம் பகுதியில் சிறு வயதிலிருந்தே செவிப்பறையில் ஓட்டையோடு சீழ் வடியும் காதுகள் ஏராளம். ஐம்பது வருடமாக வடிந்த காது இப்போதும் வடிகிறது என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? சீழில் ரத்தம் கலப்பது, இரவில் தூங்கவிடாத வலி புதிதாக வருவது, வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகுவது ஆகியவை பழைய சீழின் குணங்கள் இல்லை.

சர்க்கரை நோயுள்ள முதியவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. சூடோமோனாஸ் என்னும் கிருமி காதுக் குழாயில் தொடங்கி மண்டையடி எலும்புக்குள் பரவும் கடுமையான தொற்று ஒன்று உண்டு. அதற்கும் கடும் காதுவலி, சீழ், குழாயில் சதை வளர்ச்சி, கடைசியில் முகவாதம் என்று அதே வரிசைதான். ஸ்கேனிலும் இரண்டும் ஒன்றுபோல எலும்பை அரித்துக் காட்டும். சர்க்கரை இவ்வளவு பரவியிருக்கும் கேரளத்தில், அந்தத் தொற்று என்றே எண்ணி வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் காதுக் குழாயில் வளர்ந்த அந்தச் சதையிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் கிருமியா புற்றா என்ற கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒருமுறை புற்று இல்லை என்று வந்தும் நோய் தேறாவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும்.

நெறி கட்டிக்கு இங்கே முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அதிலும் நியாயம் இருக்கிறது, காசநோய் முடிச்சு இங்கே சாதாரணம். நுண்ணூசியால் உறிஞ்சி எடுத்த செல்லைப் பார்க்காமல் காசநோய் மருந்தைத் தொடங்குவதில்தான் நியாயம் இல்லை.

அந்த ஊசிப் பரிசோதனையில் பரோட்டிட் சுரப்பியிலிருந்து செதிள் செல் புற்று வந்தால், அடுத்த கேள்வியை மருத்துவர் கேட்டே ஆக வேண்டும்: “ஐயா, இதற்கு முன் தலையிலோ முகத்திலோ காதிலோ ஏதாவது புண் எடுத்திருக்கிறீர்களா?” அந்தச் சுரப்பியிலேயே செதிள் செல் புற்று தோன்றுவது மிக மிக அரிது என்பதால், வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது என்றுதான் முதலில் எண்ண வேண்டும். இங்கேதான் எல்லையோரத்தின் தனிச் சங்கடம். பழைய புண்ணை எடுத்தது மலையாளம் பேசும் டாக்டர், இப்போது கேட்பது தமிழ் பேசும் டாக்டர். ஆனால் மொழி இங்கே தடை இல்லை. லேப் அறிக்கைகள் இரண்டு மாநிலத்திலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன, எந்த டாக்டரும் படித்துவிடுவார். தாள் கையில் இல்லை என்பதே தடை. “அது சின்ன மருதான், வெட்டி எடுத்துவிட்டார்கள்” என்று மகன் சொல்வார். அப்பாவுக்கு அந்தப் பேச்சே நினைவில் இருக்காது.

அறிக்கை தொலைந்தாலும் எல்லாம் தொலைந்துவிடவில்லை. பரிசோதனை செய்த ஆய்வகம் அந்தத் திசுவை மெழுகில் பதித்த கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையும் சில ஆண்டு வரை வைத்திருக்கும். பிளாக், ஸ்லைடு என்று கேட்டால் தருவார்கள். அவற்றை எடுத்துக்கொண்டு போனால், புது ஆஸ்பத்திரியின் நோயியல் மருத்துவர் பழைய புண்ணையும் இப்போதைய கட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்.

ஸ்கேனைப் பொறுத்தவரை, சி.டி. எலும்பின் அரிப்பைத் துல்லியமாகக் காட்டும், எம்.ஆர்.ஐ. நரம்பின் தடிப்பையும், மூளையுறைவரை போயிருக்கிறதா என்பதையும் காட்டும். மாஸ்டாய்டின் காற்றறைகளில் வெறும் நீர் தேங்கினாலும் சி.டி.யில் அது கட்டிபோலவே தெரியும். அதைப் பிரித்துச் சொல்ல எம்.ஆர்.ஐ. வேண்டும். ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று ஆகாது என்பதால், இரண்டும் எதற்கு என்று செலவைக் கண்டு தயங்குபவர்களுக்கு இதை விளக்கிச் சொல்வது நல்லது.

வைத்தியம்

முடிச்சோடு நின்றிருந்தால் பரோட்டிட் சுரப்பியையும் தேவையான கழுத்து முடிச்சுகளையும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் முகநரம்பைக் கட்டி பிடித்திருக்காவிட்டால், அதைக் கிளை கிளையாகப் பிரித்துக் காப்பாற்றிவிடுவார்கள்.

எலும்பைத் தொட்டிருந்தால் அறுவை பெரிதாகிவிடும். பக்கவாட்டுப் பொட்டெலும்பு அகற்றல் என்ற முறையில், காதுக் குழாய், செவிப்பறை, நடுக்காதின் சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுக்கிறார்கள். உட்காதையும் அதன் வாசலில் இருக்கும் அங்கவடி எலும்பையும் விட்டுவைக்கிறார்கள். அதனால் அந்தக் காதின் கேட்கும் திறன் குறையும், முற்றிலும் அழியாது; எலும்பு வழி ஒலி கடத்தும் கருவியால் ஓரளவு மீட்கலாம். இன்னும் உள்ளே போயிருந்தால் உட்காதையும் எடுக்க வேண்டும், அப்போது அந்தப் பக்கம் செவி போய்விடும், சில வாரம் தலை சுற்றும். பெருந்தமனியைச் சூழ்ந்துவிட்டாலோ மூளைக்குள் இறங்கிவிட்டாலோ பெரும்பாலும் அறுவையைத் தவிர்ப்பார்கள். வெட்டிய பள்ளத்தைத் தொடையிலிருந்தோ முன்கையிலிருந்தோ எடுத்த சதையால், ரத்தக் குழாயோடு இணைத்து, மூடுகிறார்கள். காது-மூக்கு-தொண்டை, தலை-கழுத்துப் புற்று, நரம்பு, பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர்கள் ஒரே மேசையில் நாள் முழுக்க நிற்கும் வேலை இது. இப்படி ஒரு குழு இருக்கும் இடத்துக்கே போக வேண்டும். தாமதமாகிவிட்டதே என்ற பதற்றத்தில் கிடைத்த இடத்தில் கட்டியை மட்டும் கீறி எடுத்துவிடுவது, பின்னால் வரும் சரியான அறுவையையும் கெடுத்துவிடும்.

அறுவை முடிந்து சுமார் ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும். வழக்கமான மொத்த அளவு 60 முதல் 66 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அலகு). வாரம் ஐந்து நாள் வீதம் 30 முதல் 33 தடவை. அதாவது ஆறு முதல் ஏழு வாரம் போய்வர வேண்டும், அல்லது அங்கேயே தங்க வேண்டும். தொடங்குவதற்கு முன்பே சொத்தைப் பற்களைச் சரிசெய்துவிட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம். கதிர்வீச்சோடு கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்தால் பலன் கூடுமா என்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது: கூடுதல் பலன் இல்லை. மருந்து சேர்க்கவில்லையே என்று வருந்தும் குடும்பத்துக்கு இது தெரிய வேண்டும்.

புதிய நம்பிக்கை வேறு பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்று கட்டிப்போட்டிருக்கும் பூட்டைத் திறக்கும் செமிப்ளிமாப் என்ற மருந்துக்கு, பரவிய செதிள் செல் தோல் புற்றுக்காக அமெரிக்கா 2018-இல் ஒப்புதல் தந்தது. ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கட்டி சுருங்குகிறது. 2022-இல் வெளியான 79 பேர் கொண்ட ஆய்வில், அறுவைக்கு முன்பே இதைக் கொடுத்தபோது, பாதிப் பேரிடம் அறுவையில் எடுத்த திசுவில் உயிருள்ள புற்று செல் ஒன்றுகூட இல்லை. முகநரம்பையும் காதையும் இழக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! அறுவையும் கதிர்வீச்சும் முடிந்த அதிக ஆபத்துள்ளவர்களுக்குக் கொடுத்தால் நோய் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்று 2025-இல் மற்றோர் ஆய்வு காட்டியது. விலைதான் நம் மக்களுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு இந்த மருந்தே மாற்று உறுப்பை உடல் ஒதுக்கக் காரணமாகிவிடும் என்பதால் அவர்களுக்கு மிகுந்த யோசனைக்குப் பிறகே கொடுப்பார்கள்.

காப்பீட்டில் ஒரு நடைமுறைச் செய்தி. சித்தூர் தாலுகாத் தமிழர் தமிழ் பேசினாலும் ரேஷன் அட்டை கேரளத்தது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு அவர்களுக்குக் கிடையாது. கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்‌ஷா திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆயுஷ்மான் பாரத் தகுதியுள்ள குடும்பமாக இருந்தால் வேறு மாநிலத்தில் அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியிலும் பயன்படுத்தலாம். கோயம்புத்தூருக்குக் கிளம்புவதற்கு முன், போகப்போகும் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் இதைப் போனிலாவது கேட்டுவிட வேண்டும். புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு ஆஸ்பத்திரியில் படிவம் எழுதி வாங்க வேண்டும்.

முகநரம்பை எடுக்க நேர்ந்தால், கழுத்திலிருந்தோ காலிலிருந்தோ ஓர் உணர்வு நரம்பை எடுத்து அதே அறுவையில் இணைப்பார்கள். அது துளிர்த்து முகத்தில் அசைவு தெரிய பல மாதம் ஆகும். அதுவரை பெரிய கவலை கண். மூடாத கண் காய்ந்து கருவிழியில் புண் விழும்; பகலில் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பும் ஒட்டுப்பட்டையும் வேண்டும். மேலிமைக்குள் சிறு தங்கத் தகடு வைத்து, அந்த எடையால் இமை தானாக இறங்கச் செய்யும் எளிய அறுவையும் இருக்கிறது. வீட்டார் இதைக் கேட்டு வாங்க வேண்டும், பல இடங்களில் தாமாகச் சொல்வதில்லை.

திரும்பி வரும் ஆபத்து முதல் இரண்டு ஆண்டில் அதிகம். அந்தக் காலத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் காதுக்கு முன்னும் பின்னும், கழுத்தின் இரு பக்கமும் தடவிப் பார்ப்பார், முகத்தின் ஒவ்வொரு கிளை அசைவையும் சோதிப்பார், தலைப்பாகைத் துண்டைக் கழற்றச் சொல்லித் தலை முழுதும் பார்ப்பார். ஒருமுறை தோல் புற்று வந்தவருக்கு வேறோர் இடத்தில் இன்னொன்று வரக்கூடும் என்பதால், இந்தக் கடைசிப் பரிசோதனை ஆயுள் முழுதும் தொடர வேண்டியது.